ஆத்தூர் வட்டாரத்தில் குற்றம் சார்ந்த ஆங்கிலச் சொற்களும் அவற்றின் மன்னிப்புத் திறனும்

தமிழ்நாட்டில் ஆத்தூர் என்று ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உண்டு. சேலத்துக்காரர்களுக்கு ஒன்று, தாமிரபரணிக் கரையில் ஒன்று. குற்றவியல் ஆய்வின் தொடக்கத்திலேயே ஆள்மாறாட்டம் நடந்துவிடக் கூடாது என்பதால் களத்தை முதலில் அறுதியிட்டுவிடுவோம். இங்கே பேசப்படுவது திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர். மேற்கே மலை, மலையடியில் காமராஜர் அணை, பக்கத்தில் செம்பட்டி, சற்றுத் தள்ளிச் சின்னாளபட்டி. மாவட்டமோ பூட்டுக்குப் பெயர் வாங்கியது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்படிப்பட்ட மண்ணில் பூட்டை மட்டும் போற்றிவிட்டு, பூட்டுக்குக் காரணமானவர்களைக் குறிக்கும் சொற்களைக் கண்டுகொள்ளாமல் விடுவது நன்றி மறத்தல்.

முன்னாய்வுகள் இல்லாமல் இல்லை. திருட்டைப் பற்றிய முறையான சொற்பொழிவு ஒன்று மதுரையில் நடந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் கள்வர்க்குத் துணையாக மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டை அடுக்கி, விளக்கமும் எடுத்துக்காட்டும் தருகிறான். வகைப்பாடு குறையற்றது. ஆனால் ஆய்வாளரே திருடன். ஆய்வின் முடிவில் வெட்டுப்பட்டவன் கோவலன். குற்றத்தைப் பற்றிச் சரளமாகப் பேசுகிறவர்களை இந்த வட்டாரத்தார் இன்றும் ஒரு மாதிரி பார்ப்பதற்கு இதைவிடத் தொன்மையான ஆதாரம் தேவையில்லை.

இனி எமது கருதுகோள். குற்றம் ஒன்றுதான்; செய்தவர் அடுத்த தெருக்காரர் என்றால் தமிழ், சொந்தக்காரர் என்றால் ஆங்கிலம். அடுத்த தெருப் பையன் பைக்கைத் தள்ளிக்கொண்டு போனால் ‘களவாணிப் பய’. நம் மச்சினன் அதே பைக்கைத் தள்ளிக்கொண்டு போனால், “அது ஒண்ணுமில்லண்ணே, சும்மா பெட்டிக் கேஸு, பெயில் கெடச்சிரும்.” தாலுகா ஆபீசில் ஊர்பேர் தெரியாத ஒருவர் வாங்கினால் லஞ்சம்; அண்ணன் மகன் வாங்கினால் கமிஷன். பிறர் செய்தது மோசடி. நம்மவர் மேல் ‘சீட்டிங் கேஸ் ஒண்ணு இருக்கு’. சர்க்கரை இருக்கிறது என்று சொல்வதுபோல, ரொம்ப நாளாக இருக்கிறது, கட்டுப்பாட்டில் இருக்கிறது. இந்தச் ‘சீட்டிங்’, சீட்டுப் பிடிப்பதிலிருந்து வந்த சொல் என்று நம்புவோர் ஊரில் உண்டு. இலக்கணப்படி தவறு. அனுபவப்படி மறுக்க முடியவில்லை.

இதன் காரணம் ஆழமானது அல்ல, ஆனாலும் இதுவரை யாரும் முறையாக எழுதாதது. தமிழ்ச் சொல்லுக்குள் ஓர் ஆள் நிற்கிறான்: திருடன், கொள்ளைக்காரன், முடிச்சவிழ்க்கி. அவனுக்கு முகம் உண்டு, அப்பா பெயர் உண்டு, வீடு எந்தச் சந்து என்பதும் தெரியும். ஆங்கிலச் சொல்லுக்குள் இருப்பது ஒரு காகிதக் கட்டு: எஃப்.ஐ.ஆர்., ரிமாண்ட், சார்ஜ் ஷீட். ஆள் கழன்றுகொள்ள, காகிதம் மாட்டிக்கொள்கிறது. மச்சினன் திருடவில்லை, அவன் மேல் ஒரு செக்‌ஷன் வந்து விழுந்திருக்கிறது. வேப்பமரத்தடியில் நின்றவன் மேல் காக்கை செய்ததற்கு அவன் என்ன செய்வான்?

சட்டமும் இதே உத்தியைத்தான் கையாள்கிறது. மெக்காலே தலைமையில் முதல் சட்ட ஆணையம் 1837இல் வரைந்து, 1860இல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் விளக்கத்துக்காகச் சிறு சிறு கதைகள் உண்டு. அவற்றில் தப்புச் செய்கிறவர் பெயர் அநேகமாக ‘ஏ’. பறிகொடுப்பவர் பெரும்பாலும் ‘இசட்’. ஏ ஒருநாள் சட்டைப் பையில் நாய்க்குப் பிடித்த தின்பண்டத்தை வைத்துக்கொண்டு இசட்டின் நாயைத் தன் பின்னால் வரச் செய்கிறார். நாயைக் கவரும் எண்ணம் இருந்தால், நாய் பின்தொடரத் தொடங்கிய அந்தக் கணத்திலேயே திருட்டு முடிந்துவிட்டது என்கிறது சட்டம். நாய் வீடு போய்ச் சேர வேண்டியதில்லை. டீக்கடை வாசலில் பொறை வாங்கிப் போடும் பழக்கமுள்ள அன்பர்கள், நாய் யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நலம். 2024இல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த நாய் அப்படியே ஏயின் பின்னால் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

அந்தப் பழைய சட்டத்தில் 511 பிரிவுகள். மக்கள் மனப்பாடம் செய்தவை சில. 302 கொலை, 307 கொலை முயற்சி என்பதெல்லாம் கோர்ட் வாசல் ஏறி இறங்கியவர்களின் அறிவு. ஆனால் 420 அனைவருக்கும் பொது. பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவரும் அந்த எண்ணைப் பிழையில்லாமல் சொல்வார். அதிலும் ஒரு நுட்பம் காணலாம். ‘ஃபோர் ட்வென்டி’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் பாதி கொஞ்சல். மாப்பிள்ளை முறை உள்ளவர்களிடம் சொல்லத்தக்கது. ‘நானூத்தி இருவது’ என்று தமிழில் சொன்னால் கைகலப்பு. எமது கருதுகோள் எண்களுக்கும் பொருந்துகிறது என்பதற்கு இது போதும்.

இந்தச் சொற்செல்வத்துக்கு 2024 ஜூலை 1 அன்று பேரிடி விழுந்தது. பழைய சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. மொத்தமே 358 பிரிவுகள். ஆக, 420 என்று ஒரு பிரிவே கிடையாது. அதன் உள்ளடக்கம் 318ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவுக்குக் குடிபோய்விட்டது. ‘முந்நூத்திப் பதினெட்டுல நாலு’ என்று யாரையாவது திட்டிப் பாருங்கள். திட்டி முடிப்பதற்குள் எதிராளி செம்பட்டி பஸ் ஏறியிருப்பான். இங்கே வக்கீல் குமாஸ்தா மரபினர் குறுக்கிட்டு, ஜூலை 1க்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும், ஆகவே 420 கோர்ட்டில் இன்னும் பல காலம் உயிரோடிருக்கும் என்று ஆறுதல் சொல்கிறார்கள். வாய்தா வாங்கும் வேகத்தைப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான்.

‘கேடி’ என்ற சொல்லில் அறிஞர்களிடையே பிணக்கு உண்டு. கேடு செய்பவன் கேடி என்பது தமிழாசிரியர் மரபு. போலீஸ் பதிவேட்டில் ‘நோன் டெப்ரிடேட்டர்’ என்று எழுதப்பட்டதன் முதலெழுத்துகளே கே, டி என்பது ஸ்டேஷன் மரபு. யாம் ஸ்டேஷன் பக்கம். அந்த ‘நோன்’ என்பதில் கே எழுத்து இருந்தும் வாயில் ஒலிப்பதில்லை. முதல் எழுத்தே தலைமறைவாக உள்ள ஒரு பட்டம் வேறு யாருக்குப் பொருந்தும்? ஆனால் பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் இந்த வழக்கத்துக்கு இந்தப் பக்கத்தில் சிரிக்க முடியாத வரலாறும் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டம் ஒரு தனியாளை அல்ல, பிறந்த சாதியையே பதிவேட்டில் ஏற்றிக் கைரேகை வாங்கியது. மதுரைச் சீமை மக்கள் அதை ‘ரேகைச் சட்டம்’ என்றார்கள். மறுத்து நின்றவர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிய 1947 ஆயிற்று. ஆங்கிலச் சொல் மன்னிக்கும் என்ற எமது விதி, அதை நாம் நமக்காகச் சொல்லும்போது மட்டுமே செல்லும். மேலேயிருந்து நம் மீது எழுதப்படும்போது செல்லாது.

‘குண்டாஸ்’ ஒருவனைக் குறித்தாலும் பன்மைதான். வட இந்தியச் சொல் ஆங்கிலத்துக்குள் போய், வாலில் ஓர் ‘எஸ்’ ஒட்டிக்கொண்டு ஆத்தூர் வந்து சேர்ந்தது. 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் அது. ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். அதன் முழுப் பெயரைச் சொல்ல மூச்சுப் பயிற்சி வேண்டும். கள்ளச்சாராயக்காரர், சைபர் குற்றவாளி, போதைப்பொருள்காரர், வனக் குற்றவாளி, குண்டர், விபசாரத் தொழில் நடத்துவோர், மணல் கடத்துவோர், பாலியல் குற்றவாளி, குடிசைப் பகுதி நில அபகரிப்பாளர் என்று போய், கடைசியில் திருட்டு வீடியோக்காரர் நிற்கிறார். சாராயம் முதலிலும் வீடியோ கடைசியிலும் வந்தது பாவத்தின் எடையால் அல்ல, ஆங்கில அகர வரிசையால். ஊரார் இதையெல்லாம் ‘குண்டாஸ் போட்டுட்டாய்ங்க’ என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள்.

எமது கருதுகோளுக்கு வலுவான சான்று, ஆங்கிலமே இல்லாத ஓர் இடத்தில்தான் கிடைக்கிறது. பாசனத் தண்ணீரை முறை தவறித் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்வது பழைய சட்டத்தில் 430, புதியதில் 326. ஐந்தாண்டு வரை சிறை. சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டுதான். இத்தனை கனமான குற்றத்துக்கு இங்கே ஓர் ஆங்கிலச் சொல்லும் வழக்கில் இல்லை. ‘மடையத் திருப்பிட்டான்’, அவ்வளவுதான். குடகனாற்றுத் தண்ணீரை மேல்பக்கத்தாரும் கீழ்ப்பக்கத்தாரும் பங்கிடுவதில் உள்ள சச்சரவு மாவட்டமே அறிந்தது. கொலை செய்துவிட்டு வந்த உறவினருக்குக்கூட ஒரு ‘கேஸ்’ உண்டு. மடையைத் திருப்பிய பங்காளிக்கு அந்தச் சலுகை கிடையாது. மன்னிக்கிற எண்ணம் இருந்தால்தானே ஆங்கிலம் தேவைப்படும்.

இத்தனையும் சொன்னபின் ஓர் எச்சரிக்கை. சொந்தக்காரரைக் காப்பாற்றப் பழகிய இந்தச் சொற்களை இப்போது யாரோ திருப்பிப் பிடித்திருக்கிறார்கள். வீடியோ காலில் காக்கிச் சட்டை, சி.பி.ஐ. என்பார்கள், கஸ்டம்ஸ் என்பார்கள். உங்கள் பெயரில் ஒரு பார்சல், உள்ளே நார்கோட்டிக்ஸ், மணி லாண்டரிங், வாரண்ட் ரெடி, நீங்கள் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’, கேமராவை விட்டு நகரக் கூடாது, பணத்தை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள். அவன் தமிழில் ‘நீ திருடன்’ என்றால் செருப்பைக் கழற்றியிருப்போம். ஆங்கிலத்தில் அடுக்குவதால் கை நடுங்குகிறது. இந்தியச் சட்டம் எதிலும் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையாது. எந்த போலீசும் வீடியோ காலில் கைது செய்யாது, கணக்குக்குப் பணமும் கேட்காது. அப்படி அழைப்பு வந்தால் பதில் பேசாமல் ஃபோனை வைத்துவிடுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அதிகம். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களிடமும் இந்த எண்ணைச் சொல்லி வையுங்கள்.