கல்சுவருக்கு ஒரு காணிக்கை

அயர்லாந்தின் டொனிகல் ராலி 1972-இல் தொடங்கியது. ஜூன் மாதம், மூன்று நாள், ஊர்ச் சாலைகளை அடைத்துவிட்டுத் தார்மேல் கார்ப் பந்தயம். இதற்கு வரும் அமெச்சூர் அணிகளின் பொறுப்புணர்ச்சியைப் பாராட்டியே ஆகவேண்டும். வீட்டுக்கூரை ஒழுகலாம், 1980-இல் தயாரிப்பு நின்றுபோன இரண்டாம் தலைமுறை ஃபோர்டு எஸ்கார்ட்டில் துளி எண்ணெய் ஒழுகக்கூடாது.

பணிவும் உண்டு. மனைவி சொல்லி வளைவில் வேகம் குறைக்காதவர், பக்கத்து இருக்கைக்காரர் வளைவுக் குறிப்பு நோட்டைப் பார்த்து "இடது மூன்று, இறுகும்" என்றால் உடனே கேட்கிறார். ஒருமுறை அந்த நோட்டில் இரண்டு பக்கம் சேர்ந்து புரண்டது. எதிரே கல்சுவர். ஓராண்டுச் சேமிப்பு, நான்கே நிமிடத்தில்! செம்மறி ஆடுகள் சாட்சி.

மிச்சத்தை டிரெய்லரில் ஏற்றி, பின்சீட்டில் பிள்ளைகள் அடித்துக்கொள்ள, அதே சாலையில் மனைவி ஓட்டிவந்தார். குறிப்பு வாசிக்க ஆளில்லை. சுவர் எதுவும் குறுக்கே வரவில்லை.