துரைமாரின் தாராளம்

மலாயாவின் ரப்பர் தோட்டத் துரைமார்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அதை மறுப்பவர்களோடு நான் வாதாடத் தயார். பள்ளி வயதுப் பிள்ளைகள், அதாவது 7 முதல் 14 வயது வரை உள்ளவர்கள், ஒரே இனத்தில் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். அந்தப் பள்ளிக்கூடம் எப்படி இருக்க வேண்டும் என்று அது வற்புறுத்தவில்லை. துரைமார்களும் கேட்டதைக் கொடுத்தார்கள். கேட்காததைக் கொடுத்து யாரையும் சங்கடப்படுத்தவில்லை.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் ஒரு மூலை, இல்லையென்றால் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் காலியாகக் கிடந்த ஓர் அறை. பால்மரம் நிற்க வேண்டிய மண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டு வீணாக்காத மனசு எத்தனை பேருக்கு வரும்? 1910இல் ரப்பர் விலை ஏறியபோது சில கம்பெனிகள் பங்குதாரர்களுக்கு நூற்றுக்கு நூறுக்கும் மேல் லாபம் பிரித்துக் கொடுத்தன. அவ்வளவு பணம் புரண்ட தொழிலில் ஒரு கரும்பலகைக்குக்கூடக் கணக்குப் பார்த்தவர்களின் சிக்கனத்தை நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

வாத்தியாரைத் தேடி அவர்கள் அலையவும் இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மேல்தளத்தில் மூட்டையோடு மூட்டையாகக் கிடந்து, பினாங்குக்கு எதிரே ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டு வந்த தொழிலாளர் கூட்டத்தில் நாலெழுத்துத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். அவர்தான் வாத்தியார். கணக்கெழுதும் கிராணியோ வேலையை மேற்பார்க்கும் கங்காணியோ கையோடு பாடம் நடத்திய தோட்டங்களும் உண்டு. வாத்தியாரே தொழிலாளியாக இருந்தால் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்பார், பால்மரம் சீவுவார், பாலை நிறுத்துக் கொடுப்பார், அதற்குப் பிறகு பள்ளிக்கூடம். ஒரே உடம்பிலிருந்து இரண்டு ஆள் வேலையை எடுத்த நிர்வாகத் திறமைக்கு ஈடு ஏது?

அரசாங்கத்தின் கருணையையும் சொல்லாமல் விடக் கூடாது. மலாய் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க 1922இல் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்லூரியைத் திறந்தது. தோட்டத்துத் தமிழ் வாத்தியாருக்கு அந்தத் தொல்லை கொடுக்கவில்லை. நாலு வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்கார வைத்து, சென்னையிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த புத்தகத்தைப் பிரித்து, தான் படித்த விதத்திலேயே அவர் சொல்லிக்கொடுத்தார். அவருடைய சுதந்திரத்தில் யாரும் குறுக்கிடவில்லை.

அந்த வாத்தியார் அந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்பதுதான் எனக்கு நெஞ்சை அடைக்கிறது. பகலில் மண்ணில் விரல் பிடித்து 'அ' எழுத வைத்தார். சாயங்காலம் லயத்து வாசலில் ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். வந்த கடிதத்தைப் படித்துச் சொன்னார். பிறப்பும் சாவும் கடனும் அவர் வாயால்தான் குடும்பங்களுக்குத் தெரிந்தன. பிள்ளைகளுக்குத் தேவாரமும் ஆத்திசூடியும் மனப்பாடம் ஆயின. இவற்றுக்கெல்லாம் சம்பளம் என்று பேசி அவருடைய சேவையை மாசுபடுத்தாத பெருந்தன்மையும் துரைமார்களுடையதே.

பிள்ளைகள் விஷயத்தில் அவர்கள் காட்டிய அக்கறை இன்னும் பெரிது. நாலாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதுவரைகூடக் காத்திருக்காமல் பல பிள்ளைகளைப் புல் பிடுங்கக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதிகம் படித்துத் தோட்டத்தைவிட்டு வெளியே போய்க் கெட்டுவிடக் கூடாதே என்ற கவலை. 1930இல் ரப்பர் விலை விழுந்ததும் பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். பாடம் பாதியில் நின்றவர்களும் போனார்கள். வாத்தியாருக்கு வகுப்பில் சுமை குறைந்தது. உழைக்க முடியாமல் அவரே ஓய்ந்தபோது லயத்து அறையையும் காலி செய்து கொடுத்துவிட்டார். அடுத்தவருக்கு இடம் வேண்டுமே.

மலேசியாவில் இன்று 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நடக்கின்றன. அவற்றில் பல, தோட்டத்து மூலைகளில் தொடங்கியவை. அந்த மூலையைக் கொடுத்தவர்கள் துரைமார்கள். அதற்கு மேல் எதையும் கொடுத்ததாக அவர்கள்மீது யாரும் பழி போட முடியாது.