குடில் மாட்டுக்குத் திமில் உண்டா?

பழைய கிறிஸ்துமஸ் குடில் செட் சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது குழந்தை இயேசுவின் முகத்தை. அடுத்து மாதாவின் முக்காடு, சூசையப்பரின் கைக்கோல். மாட்டைத் தூக்கிப் பார்ப்பவர் அரிது. குடிலியல் என்னும் துறையின் முதற்பெரும் பிழை இதுவே. அப்படியொரு துறை இல்லை என்பது இந்த ஆய்வுக்குத் தடையாகாது.

சான்றுகள் மாட்டின் பக்கமே நிற்கின்றன. 1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்னும் மலையூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலில் வைக்கோல் நிரப்பிய தீவனத்தொட்டி இருந்தது. உயிருள்ள மாடும் கழுதையும் நின்றன. 4ஆம் நூற்றாண்டின் ரோமானியக் கல் சவப்பெட்டிகள் சிலவற்றில் குழந்தையருகே இவ்விரண்டு மட்டுமே உள்ளன, மாதாவைக் காணோம். இத்தனைக்கும் நற்செய்தி நூல்களின் பிறப்புக் கதையில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. ஏசாயா ஆகமத்தின் முதல் அதிகாரத்திலிருந்து நடந்து வந்தவை அவை. அழைப்பிதழ் இல்லாமல் வந்து முதல் பந்தியில் இலை பிடித்த உறவினர் போல.

எதிர்வாதம் உண்டு. வீரமாமுனிவர் 'தேம்பாவணி'யில் சூசையப்பரையே தலைவராக்கி 3615 பாடல்கள் பாடினார். அவர் எழுப்பிய பெரியநாயகி மாதா கோயில் இருக்கும் கோணான்குப்பமும் இந்த ஆய்வின் களமான கள்ளக்குறிச்சியை அடுத்த கடலூர் மாவட்டத்தில்தான். மாட்டுக்கு இன்னும் காப்பியம் அமையவில்லை என்பதை இக்கட்டுரை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறது.

ஆய்வுக்களமாகக் கள்ளக்குறிச்சியைத் தேர்ந்ததற்கு உயரமே காரணம். பெத்லகேம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2500 அடியில் உள்ளது. கள்ளக்குறிச்சியின் கல்வராயன் மலையோ சுமார் 2000 முதல் 3000 அடி. உயரக் கணக்கில் அங்குள்ள வெள்ளிமலைப் பக்கம் குடில் போட யாரும் ஆட்சேபிக்க முடியாது. ஆனால் குடிலில் மலை என்றால் கசக்கிய காகிதத்துக்குப் பழுப்புச் சாயம் அடித்ததுதான். நிஜப் பாறைக்கு அந்தத் தகுதி இன்னும் வரவில்லை.

ஆடுகளின் நிலையும் அப்படியே. குடில் ஆடு வெள்ளைவெளேரென்று கம்பளி சுமக்கிறது. பக்கத்துச் சேலம் மாவட்டத்து மேச்சேரிச் செம்மறிக்கோ கம்பளியே கிடையாது. வெளிர்பழுப்பு உடம்பில் குட்டை முடிதான். இரண்டையும் எதிரெதிரே நிறுத்தினால் ஒன்றையொன்று ஆடென்று ஏற்குமா என்பது தனி ஆய்வுக்குரியது.

இங்கே முன்வைக்கப்படுவது 'திமில் சோதனை'. மதுரையை அடுத்த விளாச்சேரியில் கொலு பொம்மையும் விநாயகர் சிலையும் செய்யும் குடும்பங்களே டிசம்பர் நெருங்கும்போது குடில் செட்டும் செய்கின்றன. கை ஒன்று, மண் ஒன்று. ஆகவே மாட்டுக்குத் திமில் இருந்தால் அது நம்மூர்க் குயவர் கண்ட மாடு. முதுகு சப்பையாக இருந்தால் ஐரோப்பிய அச்சின் வாரிசு என்று சந்தேகிக்கலாம். மாதாவின் முகத்தை வைத்து ஊர் சொல்வது கடினம். மாட்டின் முதுகு மறைக்காது.

கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெத்லகேம் தச்சர்கள் ஒலிவ மரத்தில் குடில் செதுக்கி யாத்திரிகர்களுக்கு விற்கிறார்கள். இங்குள்ள சிற்பியிடம் குடில் மாடு கேட்டால், நந்தி செதுக்கிப் பழகிய உளி திமிலை விட்டுவிடாது என்பது இவ்வாய்வின் துணிபு.

சேகரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரிக்கும்போது, ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் வாங்கிய ஊரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி வையுங்கள். காது உடைந்த கழுதையையும் சேர்த்துப் பரணில் ஏற்றுங்கள்.