தீக்குக் காற்றை அளந்து கொடுங்கள்!

தில்லியில் குளிர் வந்துவிட்டது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காயும் வாழையிலையும் வாங்க வருகிற நம்மவர்கள் இந்த மாதம் கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் அடுப்பு, புகை, குளிர்காய்தல் பற்றியவை. ஆகவே இந்த இதழில் அரசியலுக்கும் சினிமாவுக்கும் விடுமுறை. தீக்கு மட்டும் வேலை நாள்.

கே: விடியும் முன்பே ஐஸில் கை வைக்கிற பிழைப்பு எங்களுடையது. பழப்பெட்டிப் பலகையைக் குவித்து எரித்துக் குளிர் காய்கிறோம். கண்தான் எரிகிறது, பலகை எரிவதில்லை. ஏன்?
*மீன் கடை ஊழியர், ஐ.என்.ஏ. மார்க்கெட்*

ப: ‘நெருப்பில்லாமல் புகையாது’ என்பது ஊர் வம்புக்குப் பொருந்தும். அடுப்புக்குப் பொருந்துவது வேறு: நெருப்பு நன்றாக இருந்தால் புகையாது!

காய்ந்த மரத்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல், சூடு பட்டதும் ஆவியாகக் கிளம்பிவிடும். போதிய காற்றும் 600 டிகிரிக்கு மேல் வெப்பமும் கிடைத்தால் அந்த ஆவி சுடராக எரியும். கிடைக்காவிட்டால் புகையாகப் போய்விடும். உங்கள் கண்ணைக் கரிக்க வைப்பது, உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டிய சூடு.

ஒரு கிலோ காய்ந்த விறகு முழுதாக எரிய ஏறத்தாழ 6 கிலோ காற்று தேவை. ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஐந்து கொள்ளும் காற்று அது. தரையோடு தரையாகக் குவித்த பலகைக்குள் அவ்வளவு காற்று நுழைய வழி ஏது? நான்கு செங்கல்லை இடைவெளி விட்டு வையுங்கள். அதன்மேல் பலகையைக் குறுக்கும் நெடுக்குமாக, நடுவில் விரல் நுழையும் சந்து விட்டு அடுக்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். தெர்மாகோல் பெட்டி, பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் மூன்றையும் தீப்பக்கமே கொண்டு போகாதீர்கள். அவற்றின் புகை விஷம்.

கே: ஈர விறகை எரித்தால் நின்று நிதானமாக எரியும், சிக்கனம் என்கிறாரே என் மாமியார்?
*வாசகி, லட்சுமிபாய் நகர்*

ப: நின்று எரிவது உண்மை, சிக்கனம் என்பதுதான் உண்மையில்லை. புதிதாக வெட்டிய மரத்தில் பாதி எடை தண்ணீராகவே இருக்கலாம். முதலில் அதைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி வெளியே அனுப்பிவிட்டுத்தான் தீ உங்கள் பக்கம் திரும்பும். மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். விறகு காய வேண்டும், உறவு காயக் கூடாது.

கே: என் பாட்டி ஊதாங்குழலை எப்போதும் அடியில், தணலைப் பார்த்துத்தான் வைப்பார். சுடர் மேலே இருக்க, அடியில் ஏன் ஊத வேண்டும்?
*வாசகி, சரோஜினி நகர்*

ப: பாட்டி கையில் இருந்தது ஒரு கட்டுப்பாட்டுக் கருவி. தீக்கு இரண்டு வகைக் காற்று உண்டு. அடிக்காற்று தணலுக்குப் போகிறது. தணல் எந்த வேகத்தில் கனல வேண்டும், மரத்திலிருந்து எவ்வளவு ஆவி கிளம்ப வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. மேல்காற்று அந்த ஆவியோடு கலக்கிறது. கிளம்பியது சுடராகுமா, புகையாகுமா என்பது அதன் கையில்.

திறந்த மண் அடுப்பில் மேல்காற்று நாலா பக்கமும் தாராளம். அதனால் பாட்டி அடிக்காற்றை மட்டும் கவனித்தார். நாலு பக்கமும் மூடிய இரும்பு அடுப்பில் அந்தத் தாராளம் இல்லை. சுடர் சூடாக இருக்கும் இடத்திலேயே, விறகு மட்டத்துக்கு மேல், தனித் துளைகள் வழியாக மேல்காற்றைக் கொடுக்க வேண்டும். அதுவும் கொஞ்சம் சூடேறி வருவது நல்லது. ஜில்லென்று பாயும் காற்று சுடரைக் குளிர்வித்துப் புகையாக்கிவிடும்.

கே: காற்றுதான் எல்லாம் என்றால் எல்லாக் கதவையும் திறந்து விட்டுவிடலாமே?
*கல்லூரி மாணவர், முனீர்கா*

ப: காற்றில் தீக்குப் பயன்படுகிற ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குதான். மீதி பெரும்பாலும் நைட்ரஜன். அது எந்த வேலையும் செய்யாது. குளிர்ந்து உள்ளே வரும், சூடாகி வெளியே போகும். நீங்கள் தேவைக்கு மேல் விடுகிற ஒவ்வொரு கிலோ காற்றும் உங்கள் சூட்டைச் சுமந்துகொண்டு புகைபோக்கி வழியே ஊரைச் சூடாக்கப் புறப்படுகிறது.

அதற்காகக் கணக்காக 6 கிலோவோடு நிறுத்தினாலும் ஆகாது. அடுப்புக்குள் காற்று எல்லா மூலைக்கும் சீராகப் போய்ச் சேராது என்பதால், கையால் விறகு போடுகிற அடுப்புக்கு அரை மடங்கிலிருந்து ஒரு மடங்கு வரை கூடுதல் வேண்டியிருக்கும். அளவைச் சுடரே சொல்லும். மங்கிய சிவப்பாக, நுனியில் கரும்புகையோடு சோம்பி ஆடினால் காற்று குறைவு. பளிச்சென்ற மஞ்சளாக நின்று எரிந்தால் சரி. ‘குபுகுபு’வென்று இரைந்து, விறகு மாயமாய் மறைந்து, குழாய் கொதித்தால் காற்று அதிகம்.

இந்தத் தாராளத்தால் இங்கிலாந்துக்காரர்களும் வெகுகாலம் நடுங்கினார்கள். 1796-இல் கவுன்ட் ரம்ஃபோர்டு என்பவர் கணப்பின் தொண்டையைக் குறுக்கிக் கட்டச் சொல்லிக் கட்டுரை எழுதினார். அப்படிக் கட்டிய வீடுகளில் அறைக்குள் புகை குறைந்தது, சூடு கூடியது.

கே: தாபாவில் தந்தூரின் அடியில் ஒரு ஓட்டை. அதை ஒருவர் செங்கல்லால் மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். என்ன சூட்சுமம்?
*வாசகர், கரோல் பாக்*

ப: நீங்கள் பார்த்தது தந்தூரின் கடிவாளம். பற்ற வைக்கும்போது அந்த ஓட்டை முழுதாகத் திறந்திருக்கும். முதலில் உள்சுவர் கரிபிடித்துக் கறுக்கும். சூடு ஏற ஏற அந்தக் கரியும் எரிந்துபோய்ச் சுவர் வெளிறும். சுவர் தயார் என்பதற்கு அதுதான் அடையாளம். உடனே செங்கல்லை நகர்த்தி ஓட்டையைக் குறுக்குவார். இனி தீ கொழுந்துவிட வேண்டாம், கனன்றால் போதும். ரொட்டியைச் சுடுவது தணல் மட்டுமில்லை, மண்சுவர் சேர்த்து வைத்த சூடும்தான்.

அவர் கைத்திறனுக்கு என் வணக்கம். ஆனால் தில்லிக் காற்று கெடும் நாட்களில் ஓட்டல் தந்தூர்களில் நிலக்கரியும் விறகும் எரிக்கக் கூடாது என்பது, காற்று மாசைத் தடுக்கும் ‘கிராப்’ திட்டத்தின் கட்டுப்பாடுகளில் ஒன்று. 2023 ஜனவரி 1 முதல் தலைநகர்ப் பகுதித் தொழிற்சாலைகளிலும் வணிக இடங்களிலும் நிலக்கரிக்கே தடை. அனல்மின் நிலையங்களுக்கு மட்டும் விலக்கு. கோடிக்கணக்கானோர் மூச்சு விடுகிற ஊரில் இது நியாயமான கட்டுப்பாடு.

கே: வேலை மாற்றலாகி ஸ்ரீநகர் வந்திருக்கிறோம். வீட்டில் ‘புகாரி’ என்ற, குழாய் வைத்த விறகு அடுப்பு. ராத்திரி நிறைய விறகைத் திணித்து, காற்றை அடைத்துவிட்டுப் படுத்தால் விடியும் வரை சூடு நிற்கும் என்கிறார்கள். செய்யலாமா?
*ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் முன்னாள் வாடிக்கையாளர்*

ப: வேண்டவே வேண்டாம். புது விறகைத் திணித்துக் காற்றை அடைத்தால் தீ அணையாது, ஊமையாகப் புகையும். எரியாத ஆவி குழாயின் குளிர்ந்த சுவரில் பிசினாகப் படியும். மாதக்கணக்கில் சேர்ந்த பிசின் ஒருநாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும்.

புகையை மேலே இழுக்கும் குழாயின் இழுவையும் எவ்வளவு மென்மையானது என்று பாருங்கள். 5 மீட்டர் உயரக் குழாய், உள்ளே 200 டிகிரி, வெளியே 10 டிகிரி என்றால் அது உண்டாக்கும் அழுத்த வேறுபாடு, தண்ணீரை இரண்டரை மில்லிமீட்டர் உயர்த்தும் அளவுதான். பொருந்தாத கதவு, இடுக்கு விட்ட மூட்டு, கரி அடைத்த வளைவு, இவற்றில் ஒன்று போதும், புகை அறைப்பக்கம் திரும்ப. ஆகவே சூட்டைக் குறைக்க வேண்டுமானால் முதலில் விறகைக் குறையுங்கள். அடுத்து அடிக்காற்றுத் தட்டைக் கொஞ்சம் மூடுங்கள். மேல்காற்றை விட்டு வையுங்கள். தீ இருக்கும்வரை குழாயின் தட்டை மூடாதீர்கள். ராத்திரிக்கு ரஜாய்ப் போர்வை இருக்கிறது.

கே: புகையில்லா அடுப்பு என்று அந்தக் காலத்தில் அரசாங்கம் கொடுத்ததே, எங்கே போயிற்று?
*வாசகர், கோயம்புத்தூர்*

ப: அந்தக் கதையில் நம் ஊர்க்காரருக்கும் பங்கு உண்டு. தஞ்சாவூரில் பிறந்த காந்தியவாதி ஜே.சி. குமரப்பா பொறுப்பேற்று நடத்திய வார்தா கிராமத் தொழில் மையமான மகன்வாடியின் பெயரில்தான் ‘மகன் சூலா’ என்ற புகைபோக்கி அடுப்பு வந்தது. ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்பவர் இதே வேலையில் இறங்கி எழுதிய நூல் 1953-இல் சென்னையில் அச்சானது. பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ‘அஸ்த்ரா’ அடுப்பு. 1980-களில் மத்திய அரசு ஆரம்பித்து 2002-இல் நிறுத்திய திட்டத்தில் 3 கோடிக்கும் மேல் அடுப்புகள் கட்டப்பட்டன.

அவற்றில் ஏராளமானவை சில வருஷங்களில் இடிந்தன அல்லது அடைத்துக்கொண்டன. காற்றின் வழியில் ஒரு அங்குலம் மாறினாலும் அடுப்பின் குணம் மாறிவிடும். குழாயைத் துடைக்க ஆள் இல்லை, இழுவையை அடக்கத் தட்டு இல்லை என்றால் புகைபோக்கியே சூட்டைத் திருடும். கட்டிக் கொடுத்தவர்கள் எண்ணிக்கையைப் பார்த்தார்கள். அடுப்பை ஊதியவரைக் கேட்டிருந்தால் திட்டம் பிழைத்திருக்கும்.

கே: ஊதாமல், விசிறாமல் தானே காற்றை இழுத்துக்கொள்ளும் அடுப்பு உண்டா?
*வாசகி, கும்பகோணம்*

ப: உங்கள் பக்கத்திலேயே புழங்கியது: மரத்தூள் அடுப்பு. அடியில் பக்கவாட்டு ஓட்டை உள்ள தகரத்தின் நடுவில் ஒரு புட்டியை நிறுத்தி, பக்க ஓட்டை வழியே ஒரு உருளைக் கட்டையைச் செருகி, சுற்றிலும் மரத்தூளை இடித்து இறுக்குவார்கள். பிறகு புட்டியைத் திருகித் திருகி உருவ வேண்டும். அவசரப்பட்டால் தூள் சரிந்து சுரங்கம் மூடிக்கொள்ளும். கட்டையையும் உருவினால் அடியிலிருந்து மேலே ஒரு காற்றுவழி. பற்ற வைத்தால் அந்தச் சூடே காற்றை இழுத்துக்கொள்ளும். தச்சுப் பட்டறைக் கழிவுக்கு இவ்வளவு கௌரவம் தந்த அடுப்பு வேறில்லை.

கே: வேலைக்காரம்மா அங்கீட்டியில் மரக்கரி போட்டு அறைக்குள் வைத்துக்கொள்கிறார். துளிகூடப் புகை இல்லை. ஆபத்தில்லைதானே?
*வாசகி, ஆர்.கே. புரம்*

ப: அம்மா, இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அவரிடம் பேசுங்கள். நம் ஊர்க் குமுட்டி அடுப்பின் ஒன்றுவிட்ட தங்கைதான் அங்கீட்டி. சமைக்க நல்லது, மூடிய அறையில் எமன்.

தணலுக்கு மேல் சின்னச் சின்ன நீல நாக்குகள் ஆடுமே, அது கார்பன் மோனாக்சைடு எரிவது. சாம்பல் மூடித் தணல் தணிந்ததும் நீலம் மறையும். வாயு மட்டும் எரியாமலே வந்துகொண்டிருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறக்கம், தூக்கம், பிறகு எழுந்திருப்பதில்லை. 2024 ஜனவரியில் தில்லி அலிப்பூர்ப் பகுதியில் இப்படித்தான் ஒரே குடும்பத்தில் நான்கு பேர், இரண்டு குழந்தைகள் உட்பட, இறந்தார்கள்.

சிக்கனமும் இதில் இல்லை. கரி முழுதாக எரிந்தால் தரும் சூட்டில், பாதி எரிந்து மோனாக்சைடாக நின்றால் கிடைப்பது நூற்றுக்கு 28 பங்குதான். உயிரும் போகும், காசும் போகும். அவருக்கு இன்னொரு கம்பளி வாங்கிக் கொடுங்கள்.

கே: எங்கள் குடியிருப்புக் காவலாளி ராத்திரியெல்லாம் குப்பையை எரிக்கிறார். சொன்னால் கேட்பதில்லை.
*சங்கச் செயலாளர், மயூர் விஹார்*

ப: தில்லியின் ஜனவரி இரவில், நாலு பக்கமும் திறந்த கேட்டில், பிளாஸ்டிக் நாற்காலியில் நீங்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், நீங்களும் சொன்னால் கேட்க மாட்டீர்கள். காவலாளிகளுக்கு மின்சார ஹீட்டர் கொடுங்கள் என்று குடியிருப்புச் சங்கங்களுக்கு ‘கிராப்’ விதியே சொல்கிறது. எரிக்கத் தடை அவருக்கு, ஹீட்டர் செலவு உங்களுக்கு. முதலாவதை மட்டும் நடைமுறைப்படுத்துவது நியாயமில்லை.

கே: இவ்வளவும் நினைவில் நிற்காது. சுருக்கமாக?
*பலர்*

ப: காய்ந்த விறகு, கொஞ்சமாக. அடியில் அளவோடு காற்று, மேலே மறக்காமல் காற்று. அறைக்குள் எரித்தால் அடைப்பில்லாத புகைபோக்கி கட்டாயம். புகைபோக்கி இல்லாத தீக்கு இடம் வாசலுக்கு வெளியே. தூங்கப் போகிறவர் தீயைத் தூங்க வைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.