கலர் டிரஸ்ஸின் ஐந்திணை: தமிழகப் பள்ளி வளாகங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

தமிழர் ஆடை குறித்த ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. கலிங்கம், துகில், அறுவை என்று சங்கத் துணிகளை அளந்தே முனைவர் பட்டம் வாங்கியவர்கள் நம்மிடையே உண்டு. ஆனால் பள்ளிக்கூடமே வெள்ளையும் நீலமுமாக வரிசைகட்டி நிற்கும் பிரேயரில், ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவின் நட்ட நடுவே ஆரஞ்சுச் சட்டையோடு நிற்கும் ஒருவனைப் பற்றி எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அந்த இடைவெளியை இட்டு நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுத்துக்கொள்வோம். எந்த உடுப்பைக் கண்டதும் வாட்ச்மேன் கேட்டைப் பாதி சாத்திக்கொண்டு “என்னப்பா, பர்த்டேவா?” என்று கேட்கிறாரோ, அதுவே கலர் டிரஸ். அவர் கேட்காமல் விட்டால் அது வெறும் துணி. கல்லூரி மாணவர்கள் இந்த ஆய்வின் எல்லைக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு எல்லா நாளும் கலர் டிரஸ் ஆகையால் எந்த நாளும் கலர் டிரஸ் இல்லை.

ஆய்வுக் களங்கள்: பிரேயர் மைதானம், சைக்கிள் ஸ்டாண்டு, ஆண்டு தவறாமல் கூட்டம் வழியும் ஜூன் மாதத் தையல்கடை. தகவலாளிகள்: பி.டி. சார்கள், டெய்லர்கள், காலை ஏழரை மணிக்கு எதுவும் பேச நேரமில்லாத அம்மாக்கள்.

2. முன்வரலாறு

சீருடையின் வேரைத் தேடிப் போகிறவர்கள் லண்டனில் போய் நிற்கிறார்கள். அங்கே 1552இல் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்ற பள்ளியில் நீள நீலக் கோட்டும் மஞ்சள் காலுறையும் கொடுத்தார்கள். நீலச் சாயம் அன்று மலிவு. தருமத்தில் படிக்கிற பிள்ளை என்பது தெருவில் போகிறவருக்குத் தெரிய வேண்டும் என்பதும் ஒரு வசதி. அந்தக் கோட்டும் காலுறையும் இன்றுவரை புழக்கத்தில் இருக்கின்றன. பிற்காலத்தில் பணக்காரப் பள்ளிகளும் சீருடைக்கு மாறின. இல்லாதவர் என்று காட்டப் பிறந்த உடுப்பு, ஃபீஸ் கட்ட முடிந்தவர் என்று காட்டும் உடுப்பானது.

தமிழ்நாட்டில் கதை நேர்மாறு. 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளியில் மதிய உணவு வந்தது. கல்வித் துறையின் இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலுவின் முனைப்பில் ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர்க்காரர்கள் பெஞ்சு கொடுத்தார்கள், கரும்பலகை கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குச் சீருடையும் கொடுத்தார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று சட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியக்கூடாது என்பதே இங்கே நோக்கம். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இல் சத்துணவும் 1985இல் இலவசச் சீருடையும் வந்தன. ஒரு செட்டாகத் தொடங்கியது பின்னாளில் ஆண்டுக்கு நான்கு செட் ஆனது. கூட்டுறவுச் சங்க நெசவாளர்கள் நெய்ய, மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தினர் தைக்கிறார்கள். கடலுக்கு அப்பால் இலங்கையிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சீருடைதான். 1993இல் அதற்கான துணியை அரசே இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது.

மெட்ரிக் பள்ளி மரபு தனி. அங்கே டையும் பெல்ட்டும் உண்டு. திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளிக்கு ஒரு சீருடை. புதனுக்கு ஹவுஸ் டி-ஷர்ட். சனிக்கு முழு வெள்ளையும் சாக்பீஸ் தேய்த்த கேன்வாஸ் ஷூவும். ‘காலையில் என்ன போடுவது’ என்ற கேள்வியை ஒழிக்கத்தான் சீருடை வந்தது. அந்த வீடுகளில் இன்றும் ஏழு மணிக்கு “இன்னிக்கு வெள்ளையா, ஹவுஸா?” என்ற குரல் கேட்கிறது.

3. திணைப் பகுப்பு

கலர் டிரஸ்ஸை நிறத்தால் பகுப்பது மேற்கத்திய முறை. நமக்குத் தொல்காப்பியம் இருக்கிறது. நிலமும் பொழுதும் உரிப்பொருளும் கொண்டு பகுத்தால் எல்லாம் அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது.

முல்லை. பொழுது, கார்காலம், உரிப்பொருள், இருத்தல், அதாவது காத்திருத்தல். புரட்டாசி மழையில் துவைத்துப் போட்ட சீருடை காய்வதற்காகக் காத்திருத்தலே இங்கே பேசப்படுகிறது. ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டு விரித்தல், ஃபிரிட்ஜின் பின்பக்கம் செருகல், ஈரத்தோடு இஸ்திரி போட்டு ஆவி பறக்கவிடல் ஆகியவை துறைகள். விடிந்தும் காயாதபோது கலர் டிரஸ் நிகழ்கிறது. சட்டை மட்டும் காய்ந்து கால்சட்டை காயாவிட்டால் மேலே சீருடையும் கீழே ஜீன்ஸுமாகத் திணை மயக்கம் தோன்றும்.

குறிஞ்சி. மலையும் மலை சார்ந்த இடமும். சபரிமலைக்கோ பழனிமலைக்கோ மாலை போட்ட பிள்ளை. பொழுது முன்பனி; மார்கழியும் தையும் அதற்குள் அடங்கும். கருப்பு, நீலம், காவி, பச்சை எல்லாம் செல்லும். மேல்மருவத்தூருக்கு இருமுடி கட்டும் வீட்டுப் பெண்பிள்ளைகள் சிவப்பில் வருவார்கள். இத்திணையின் சிறப்பு, ஆசிரியரின் மொழி மாறுவது. நேற்றுவரை “எங்கடா ஹோம்வொர்க்?” என்று கேட்டவர் இன்று “சாமி, ஹோம்வொர்க் எங்க சாமி?” என்கிறார். பிரம்பு அலமாரிக்கு மேலே போய்விடுகிறது. மண்டலம் முடிந்து மாலையைக் கழற்றும் நாளில் சில மாணவர்கள் கண்கலங்குவதை முழுக்கவும் பக்தி என்று கொள்ள இயலாது.

மருதம். பொழுது, விடியல், உரிப்பொருள், ஊடல். பிறந்தநாள் இதற்குரியது. விடியற்காலை ஊடல் அம்மாவோடு: “தீபாவளிக்கு எடுத்ததுதான் இருக்கே, அதைப் போட்டுட்டுப் போ.” பகல் ஊடல் தோழர்களோடு: சாக்லேட் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மற்ற வகுப்புகளுக்கும் ஸ்டாஃப் ரூமுக்கும் கூட வரப்போவது யார்? ஒருவரைத்தான் அனுப்புவார் மிஸ். ஆறு ஆண்டு நட்பு அந்த ஒரு நிமிடத்தில் முறிந்ததும் உண்டு. வகுப்புக்கு ஆசை சாக்லேட், ஹெச்.எம்.முக்கு மட்டும் பையின் பக்க ஜிப்பில் தனியாக ஒரு பெரிய சாக்லேட் என்பது இத்திணையின் கருப்பொருள்.

நெய்தல். உரிப்பொருள், இரங்கல், பொழுது, எற்பாடு. ஈடுசெய்யும் சனிக்கிழமை வகுப்புக்கு “கலர்ல வரலாம்டா, சார் சொல்லிட்டாரு” என்று யாரோ சொன்னதை நம்பி வந்த ஒரே பிள்ளை. சார் அப்படிச் சொல்லவே இல்லை. பிரேயரில் தொடங்கும் இரங்கல் கடைசி மணி அடித்துப் பொழுது சாய்வதுவரை நீளும். சொன்னவன் சீருடையில் வந்திருப்பான்.

பாலை. பொழுது, வேனில், உரிப்பொருள், பிரிதல். மே மாதத்தில் பிறந்தவர்கள். பள்ளிக்கூடத்தைப் பிரிந்த மாதத்தில் பிறந்ததால், பன்னிரண்டு ஆண்டுப் படிப்பில் ஒருநாள்கூட பிறந்தநாள் கலர் டிரஸ்ஸை வகுப்பில் உடுத்தாதவர்கள். அத்தனை பேருக்கும் கைதட்டி, அத்தனை பேர் சாக்லேட்டையும் தின்று, ஒரு சாக்லேட்டும் திருப்பிக் கொடுக்காதவர்கள் என்ற பழியோடு வெளியேறுகிறார்கள்.

இனி அகத்தின் புறத்தே நிற்கும் இரண்டு. கைக்கிளை, ஒருதலையாக அமைவது. மாணவனுக்கு இன்று பிறந்தநாள். பள்ளிப் பதிவேட்டுக்கு இல்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது நிறைய வேண்டுமே என்று அன்றைய தலைமையாசிரியர் தோதான ஒரு தேதியைப் போட்டுவிட்டிருப்பார். “ரெக்கார்டுல ஜூன்ல இல்ல இருக்கு?” என்று மிஸ் கேட்கும்போது, பிறந்ததை நேரில் பார்த்த பாட்டியின் சாட்சியம் செல்லாது. எத்தனையோ தமிழர்களுக்கு நட்சத்திரப்படி ஒன்று, சர்ட்டிபிகேட்படி ஒன்று என இரண்டு பிறந்தநாள். கலர் டிரஸ் போட ஒன்றுக்கும் வழியில்லை.

பெருந்திணை, பொருந்தாமல் அமைவது. எல்லோரும் கலரில் வரும் நாளில் சீருடையில் வருவது. இதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

4. தொல்பொருள் சான்று

கலர் டிரஸ்ஸை விளங்கிக்கொள்ள அதன் எதிர்நிலையான சீருடையைக் கையில் எடுத்து ஆராய வேண்டியிருக்கிறது. ஆய்வாளர் பார்த்த நீலப் பாவாடை ஒன்று இவ்வாறு இருந்தது. கீழ் ஓரத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று கோடுகள். “வளர்ற பிள்ளை, நல்லா மடிச்சுத் தைங்கண்ணே” என்ற விண்ணப்பத்தின்படி டெய்லர் உள்ளே நாலு விரல் துணியை மடித்துவிட்டிருக்கிறார். ஜூன்தோறும் ஒரு மடிப்பு பிரிக்கப்படுகிறது. வெயிலும் சோப்பும் படாமல் உள்ளே இருந்த பட்டை கருநீலமாக வெளிவருகிறது. மேலே உள்ளது வெளுத்த நீலம். மரத்தின் வளையத்தை எண்ணி வயது சொல்வதுபோல, இந்தப் பட்டைகளை எண்ணி அப்பாவாடை எத்தனை வகுப்பு படித்தது என்று சொல்லிவிடலாம். பட்டைகள் மூன்று, பெண்ணோ ஆறாம் வகுப்புக்கு இப்போதுதான் வந்திருக்கிறாள் என்றால், அது அக்காவின் பாவாடை.

வெள்ளைச் சட்டையும் பேசும். உப்புச் சத்து மிகுந்த போர்த் தண்ணீரில் துவைத்தால் பழுப்பேறும். சொட்டு நீலம் கைதவறிக் கூடினால் தோளில் திட்டாக நிற்கும். இங்க் கசிந்த பை, அண்ணன் பெயரின் முதலெழுத்து நூலில் தைத்த காலர் பட்டி என எல்லாம் சாட்சி சொல்லும். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியக்கூடாது என்று கொடுத்த ஒரே நிறத்துக்குள், வீட்டுத் தண்ணீர் எது என்பதுவரை தெரிந்துவிடுகிறது. இவை போதாதென்று ஷூ, வாட்ச், டிபன் பாக்ஸ், அழைத்துப்போக வரும் வண்டி ஆகியவை எந்தச் சுற்றறிக்கைக்கும் கட்டுப்படாமல் இருக்கின்றன.

ஆகவே சீருடை வேற்றுமையை ஒழித்தது என்பது மிகை. அதைச் சுருக்கியது. பத்தடி தள்ளி நின்றால் தெரியாத அளவுக்குச் சுருக்கியது. வகுப்பறையில் பத்தடி என்பது சின்ன தூரமல்ல.

5. எதிர்த்தரப்பு

‘பிள்ளைகளை அவரவர் விருப்பப்படி உடுத்த விடுங்கள்’ என்போர் தரப்பிலும் சரக்கு இருக்கிறது. 1994இல் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் அரசுப் பள்ளிகளின் கீழ்வகுப்புகளுக்குச் சீருடையைக் கட்டாயமாக்கினார்கள். 1996இல் அதிபர் கிளிண்டனே நாடாளுமன்ற உரையில் சீருடைக்காகப் பேசினார். நம்மூரில் பி.டி. சாரே முடித்துவிடும் வேலைக்கு அங்கே அதிபர் தேவைப்பட்டிருக்கிறார். ஆனால் பிரன்ஸ்மா, ராக்கிமோர் என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட கட்டுரையில், சீருடையால் ஒழுக்கமோ வருகையோ கூடியதாகத் தெரியவில்லை என்று எழுதிவிட்டார்கள். அரசுப் பள்ளியின் கடைசி பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவருக்கு இந்த முடிவு வியப்பளிக்காது.

எனினும் இரு தரப்பும் ஒரு வீட்டு உண்மையைக் கவனிக்கவில்லை. சீருடையா, சாதாரண உடையா என்று இரண்டை எதிரெதிரே நிறுத்துகிறார்கள். பல வீடுகளில் இரண்டும் ஒன்றே. ஞாயிற்றுக்கிழமை ஆடு மேய்ப்பதும் சீருடைச் சட்டையில். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போவதும் அந்த ஆண்டின் புதுச் சீருடையில். அண்ணனுக்குச் சிறுத்த சட்டை தம்பிக்குப் போகும். தம்பிக்கும் சிறுத்தது, கை வெட்டப்பட்டு, அப்பா அம்மாவின் காட்டு வேலைக்குப் போகும்.

இப்போது பெருந்திணைக்கு வருவோம். நவம்பர் 14, குழந்தைகள் தினம். “நாளைக்கு எல்லாரும் கலர் டிரஸ்ல வரலாம்” என்று முந்தின நாள் மைக்கில் அறிவிக்கிறார்கள். மைதானம் முழுக்கப் பாவாடை சட்டை, கவுன், ஜீன்ஸ். அதில் நாலைந்து பேர் இஸ்திரி போட்ட சீருடையில் நிற்கிறார்கள். ஏன் என்று கேட்டால் “மறந்துட்டேன் மிஸ்” என்பார்கள். மைக் அறிவிப்பில் இதை மட்டும் ஒரு பிள்ளையும் மறக்காது என்பது மிஸ்ஸுக்குத் தெரியும். அனுபவமுள்ள மிஸ் மேற்கொண்டு கேட்பதில்லை.

ஆண்டு முழுக்கச் சீருடை பத்தடி தூரத்தில் மறைத்து வைத்ததை அந்த ஒரு நாள் அறிவிப்பு மொத்தமாக அவிழ்த்துப் போட்டுவிடுகிறது. சீருடை இல்லாத பள்ளியில் தினமும் நடக்கக்கூடியது இதுதான் என்பதே இந்த ஆய்வாளர் சீருடைக் கட்சியில் சேர்ந்ததற்கு ஒரே காரணம். ஒழுக்கம், ஒற்றுமை, மிடுக்கு எல்லாம் ஆண்டு விழா மேடைக்கு ஆகும்.

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீருடைக்குப் பகை கலர் டிரஸ் அன்று; சீருடை இருப்பதால்தான் ஓர் ஆரஞ்சுச் சட்டைக்கு அத்தனை மவுசு. சீருடையை எடுத்துவிட்டால் பிறந்தநாளுக்கு மேலும் விலையேறிய சட்டை தேவைப்படும். ஊரெல்லாம் வெள்ளையாக இருக்கையில் சந்தையில் வாங்கிய சட்டையே போதும்.

6. பரிந்துரைகள்

அ. மே மாதத்தில் பிறந்தோருக்கு ஜூன் மாதத்தின் ஏதாவது ஒரு வேலைநாளைப் பிறந்தநாளாக அறிவித்து அரசாணை வெளியிட வேண்டும். பதிவேட்டில் தேதி மாற்றுவதில் நமக்கு முன் அனுபவம் உண்டு.

ஆ. மழைக்காலத்தில் ‘காயல சார்’ என்பதைத் தனிச் சான்று கேட்காமல் ஏற்க வேண்டும். வேண்டுமானால் சார் தொட்டுப் பார்க்கலாம்.

இ. கலரில் வரலாம் என்று அறிவிக்கும் நாளில், சீருடையிலும் வரலாம் என்ற வாக்கியத்தையும் மைக்கில் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

ஈ. சீருடையில் மடித்துத் தைக்க உள்ளே நாலு விரல் துணி விடுவதைச் சட்டமாக்க வேண்டும். அளவுச் சீட்டைவிடப் பிள்ளைகள் வேகமாக வளர்கிறார்கள்.

உ. மேலாய்வுக்கு ஒரு களம் காத்திருக்கிறது. சீருடை விதியை நடைமுறைப்படுத்துகிறவர்கள், பிரேயரில் வரிசையாக நின்று பிள்ளைகளின் காலர், ரிப்பன், ஷூ என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறவர்கள், ஆண்டின் எல்லா வேலைநாட்களிலும் கலர் டிரஸ்ஸில்தான் வருகிறார்கள். அவர்களை வாட்ச்மேன் ஏன் ஒருநாளும் நிறுத்திப் “பர்த்டேவா மிஸ்?” என்று கேட்பதில்லை என்பதை இளம் ஆய்வாளர் யாராவது, முடிந்தால் வேறு பள்ளியில் படிக்கும் யாராவது, எடுத்துச் செய்யலாம்.