கட்டணம் முன்னே, வளர்ச்சி பின்னே

வீடு கட்ட வரைபட அனுமதி கேட்டுப் போனால், ‘வளர்ச்சிக் கட்டணம்’ என்று ஒரு வரி காத்திருக்கும். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் தந்த அதிகாரம் அது. நிலத்துக்குத் தனிக் கணக்கு, கட்டடத்துக்குத் தனிக் கணக்கு. புதிதாக வருகிறவரால் சாலைக்கும் சாக்கடைக்கும் சுமை கூடும், அதை அவரே ஏற்கட்டும் என்பது தத்துவம். நியாயம்தான். ஆனால் சுமை ஏற்ற முதலில் சாலை என்று ஒன்று இருக்க வேண்டுமே!

அதைக் கேட்டால், பணம் வாங்கும் மேசை வேறு, ரோடு போடும் மேசை வேறு என்பார்கள். இரண்டுக்கும் நடுவே நடக்கத்தான் வழி சரியில்லை.

அங்கீகாரமில்லாத மனை வாங்கியவர் பாடு இன்னும் விசேஷம். 20.10.2016-க்குள் விற்ற மனைகளுக்காக 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. ‘அகலமான ரோடு, சுவையான தண்ணீர்’ என்று நோட்டீஸ் அடித்து விற்றவர் அடுத்த லேஅவுட்டுக்குப் போய்விட்டார். வாங்கியவர் வரன்முறைக் கட்டணமும் கட்டினார், வளர்ச்சிக் கட்டணமும் கட்டினார். அங்கே தெருக்குழாயை நீட்டினார்களோ இல்லையோ, விண்ணப்பக் கெடுவைப் பலமுறை நீட்டினார்கள்.

ஆகவே, ஐப்பசி மழையில் வாசலில் முழங்கால் தண்ணீர் நின்றால் யாரும் புலம்ப வேண்டாம். குடிநீர், வடிகால், நீச்சல்குளம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம்தான் வாங்கியிருக்கிறார்கள்.