நீச்சல் கேட்காத படை

அமெரிக்கக் கடற்காலாட்படை 1775 நவம்பர் 10 அன்று பிறந்தது. முதல் ஆள்சேர்ப்பு பிலடெல்பியாவில் ஒரு மதுக்கடையில் நடந்தது என்று அவர்களே மார்தட்டிக்கொள்கிறார்கள். நாமாக இருந்தால் அந்தக் கடையை மறைக்க ஒரு தலபுராணமே எழுதியிருப்போம். இங்கிலாந்துக்காரர்கள் 1664இலேயே முந்திக்கொண்டவர்கள். அவர்களுக்குக் கப்பலில் இரட்டை வேலை: எதிரியைச் சுடுவது, சொந்த மாலுமிகள் கலகம் செய்து அதிகாரிகளைக் கவிழ்த்துவிடாமல் காவல் இருப்பது.

கப்பலில் போ, கரையில் குதி, அடி, திரும்பு. இதை ராஜேந்திர சோழனின் ஆட்கள் 1025 வாக்கிலேயே முடித்துவிட்டார்கள், பெயரும் சீருடையும் இல்லாமல். கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்தார்கள், யானைகளைப் பிடித்தார்கள், வித்தியாதர தோரணம் என்ற நகர வாசலையும் விட்டுவைக்கவில்லை. நாட்டை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணம் மட்டும் இருந்ததாகத் தெரியவில்லை. ஜப்தி செய்ய வந்தவர் வீட்டை விட்டுவிட்டு நிலைக்கதவைத் தூக்கிப்போன மாதிரி.

இதில் புதுக்கோட்டைச் சீமைக்கு என்ன பங்கு என்று வல்லத்திராக்கோட்டை டீக்கடையில் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அறந்தாங்கி தாண்டிக் கோட்டைப்பட்டினம் பக்கம் போனால்தான் உப்புக்காற்று. 'மெரைன்' என்றாலே மெரைன் போலீஸ்தான். ஆனால் இதே மாவட்டத்துக் கொடும்பாளூரிலிருந்து, ராஜேந்திரனுக்கும் இரண்டு தலைமுறை முன்பு, சுந்தர சோழனுக்காகச் சிறிய வேளான் கடல் தாண்டி ஈழம் போனார், போர்க்களத்திலேயே மாண்டார். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு வானதியின் அப்பா என்றால் புரியும். கொடும்பாளூரிலும் கடல் கிடையாது. யாரும் அவரை நீச்சல் தேர்வு எழுதச் சொன்னதாகக் கல்வெட்டு இல்லை.

சுதந்திர இந்தியாவின் கடலிறங்கல் கொஞ்சம் சங்கடமான கதை. 1971 டிசம்பரில், வங்கதேசப் போரின்போது, காக்ஸ் பஜார் கரைக்கு மலைநாட்டு கூர்க்காக்களைக் கப்பலில் அனுப்பினார்கள். கப்பல் மணல்திட்டில் தட்டியது. கரை வந்துவிட்டது என்று இறங்கியவர்களுக்குக் காலடியில் ஆழம்; உயிரும் போனது. கரையிலோ எதிரியே இல்லை. இதைச் சிரித்துக் கடக்க மனம் வரவில்லை. திட்டம் போட்ட மேசைக்கு மட்டும் ஒரு குட்டு.

1987இல் கடற்படை 'மார்கோஸ்' அதிரடிப் படையைத் தொடங்கியது. கெட்டிக்காரர்கள், ஆனால் சிறு கூட்டம். பெரிய அளவில் கரையிறங்கத் திருவனந்தபுரத்துத் தரைப்படைப் பிரிகேடு பயிற்சி எடுக்கிறது. தனியாக ஒரு கடற்காலாட்படை இந்தியாவுக்கு இன்னும் இல்லை. டெல்லி என்றைக்காவது தொடங்கினால், ஆள் எடுக்கும் முகாமைப் புதுக்கோட்டையில் போடுங்கள் ஐயா. அனுபவச் சான்றிதழ் கல்லில் இருக்கிறது.